குத்தகை நிலத்தில் ஒரு குளிர்காலம்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் கோதுமை வயல்களின் நடுவே நெடுங்காலம் பள்ளியாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டியும், அந்த வயல்களில் ஒன்றை உழுது விதைத்து அறுத்து, தள்ளாமை வந்த பிறகு தம் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்ட அவருடைய கணவரும், ஆண்டுதோறும் நவம்பர் பிறந்ததும் நான்கு நாள் காரில் பிரயாணம் செய்து, கலிபோர்னியாவின் தென்கோடிப் பாலைவனத்திலுள்ள பாம் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்து சேர்கிறார்கள். இவர்களைப் போலக் குளிருக்கு அஞ்சித் தெற்கே வருகிறவர்களை அமெரிக்காவில் ‘பனிப்பறவைகள்’ என்று அழைக்கிறார்கள். ஒரு பிப்ரவரி மாதத்தில் பத்து நாள் இந்தத் தம்பதியின் அண்டை வீட்டில் தங்கியிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

செல்வர்கள் கோல்ப் ஆடவும் நீச்சல் குளக்கரையில் சாய்ந்து கிடக்கவும் வருகிற உல்லாச ஊர் என்ற எண்ணத்தோடுதான் நானும் போயிருந்தேன். இவர்கள் வந்ததோ நடப்பதற்காக. “எங்கள் ஊரில் ஜனவரி மாதத்தில் தபால் பெட்டி வரைக்கும் போய்வருவதென்றாலே நெஞ்சு படபடக்கும். வாசற்படியில் கண்ணாடி போல ஐஸ் படிந்திருக்கும்; ஒரு தடவை விழுந்தால் இந்த வயதில் எழுந்திருப்பது ஏது?” என்றார் பெரியவர். பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே இறங்கிவிடும் குளிரில் வயோதிகர்கள் மாதக்கணக்கில் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருக்க நேரும் தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு, காலையில் கதவைத் திறந்து ஒரு மெல்லிய சட்டையோடு தெருவில் இறங்கி, ஒருவர் முழங்கையை ஒருவர் பற்றிக்கொண்டு ஒரு மைல் நடந்து திரும்புவதைக் காட்டிலும் பெரிய சுகபோகம் வேறெதுவும் தேவைப்படவில்லை.

இவர்கள் நாடி வந்த வெயிலைக் காப்பது ஊரின் மேற்கே நிற்கும் மலை. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்களை 10,834 அடி உயரமுள்ள சான் ஹசிந்தோ சிகரம் தடுத்து, அவற்றின் நீரையெல்லாம் தன் மேற்குச் சரிவிலேயே பொழியச் செய்துவிடுவதால், கிழக்கே கிடக்கும் கோச்செல்லா பள்ளத்தாக்குக்கு ஆண்டு முழுவதிலும் ஏறக்குறைய ஐந்து அங்குல மழைதான் மிஞ்சுகிறது. குளிர்காலப் பகலில் 21 டிகிரி செல்சியஸ் என்று இதமாகக் காயும் அதே சூரியன், கோடையில் ஈவிரக்கமின்றி எரிக்கிறது. 2024 ஜூலையில் இங்கே 51 டிகிரி பதிவாயிற்று.

ஆரோக்கியத்தை நாடி இவ்விடம் வருவது புதிய வழக்கமன்று. கொதிநீர் என்று பொருள்படும் பெயரிட்டு, இங்குள்ள வெந்நீர் ஊற்றை கவீயா என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தார்கள். ஸ்பானியர் அதையே தம் மொழியில் ‘அகுவா காலியெந்தே’ என்றனர். 1909-இல் நெல்லி காப்மன் என்னும் பெண்மணி தொடங்கிய ‘டெசர்ட் இன்’ முதலில் க்ஷயரோகிகள் வறண்ட காற்றில் தேறும் விடுதியாகவே இருந்தது. ஹாலிவுட் நட்சத்திரங்களும் அவர்கள் கட்டிய கேளிக்கை மன்றங்களும் அதற்குப் பின்னர் வந்தவை.

ஒரு மாலை, வேலியோரத்து பம்ப்ளிமாஸ் மரத்திலிருந்து பழம் பறித்து என் கையில் கொடுத்துக்கொண்டே அம்மையார் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது: “வீடு எங்களுடையது, நிலம் அவர்களுடையது.” லாரியில் கொண்டுவந்து இறக்கி நிறுத்திய சிறு வீடு அது. அது நிற்கும் மனை, அகுவா காலியெந்தே கவீயா மக்களுக்குச் சொந்தம். 1876-இல் அவர்களுக்கென்று அரசாங்கம் நிலம் ஒதுக்கத் தொடங்கியபோது, பாதை போடுவதற்காக இரயில் கம்பெனிக்குக் கொடுத்த சதுர மைல்கள் போக எஞ்சியவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக அளித்ததால், இன்றும் ஊரின் வரைபடம் சதுரங்கப் பலகை போலவே தோற்றமளிக்கிறது. 99 ஆண்டு வரையில் குத்தகைக்கு விட அவர்களுக்கு 1959-ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை அளித்த பிறகு, ஹோட்டல்களும் வீடுகளும் அந்த நிலத்தில் எழுந்தன.

அந்த எழுச்சிக்கு ஒரு கறையும் உண்டு. ஊர் நடுவே ‘பிரிவு 14’ எனப்படும் ஒரு சதுர மைலில், இதே குடியினரின் நிலத்தில் குடியிருந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்கள், அந்த 1950-களிலும் 1960-களிலும் வெளியேற்றப்பட்டன. அவர்களுடைய வீடுகள் இடிக்கவும் எரிக்கவும் பட்டன. பணக்காரர்களின் தோட்டங்களைப் பேணியவர்களும் சமையல் செய்தவர்களும் அவர்கள்தாம். நகர சபை 2021-இல் மன்னிப்புக் கோரியது. இச்சரித்திரத்தைத் தம்பதி இருவரும் அறிவார்கள். “பூமியை விலைக்கு வாங்கி உழுதவன் நான். வந்த இடத்தில் விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான்” என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் குறை தொனிக்கவில்லை.

வெயிலும் நிலமும் மட்டுமா இரவல்? அவர்கள் குடிக்கும் நீரும் அப்படித்தான். மண்ணுக்கடியில் இருக்கும் நீர் வற்றிக்கொண்டே போனதால், தொலைவிலுள்ள கொலராடோ ஆற்று நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து மணற்குளங்களில் தேக்கி உள்ளே இறங்கவிடும் ஏற்பாடு 1973 முதல் நடந்து வருகிறது. பல மாநிலங்களின் தாகம் தீர்த்துத் தானே இளைத்துவரும் ஆறு அது. அம்மையார் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் பம்ப்ளிமாஸ் மரத்தின் அடியில் ஊற்றுவதை நான் தினமும் பார்த்தேன்.

பனிக்குப் பயந்து வந்த இவர்கள், வருஷத்துக்கு ஒரு நாள் பனியைத் தேடியும் போவார்கள். 1963-இல் திறந்த ரோப் கார், 2,643 அடியிலிருந்து 8,516 அடிக்குப் பத்தே நிமிஷத்தில் ஏறிவிடுகிறது; பெட்டியின் தளம் மெல்லச் சுழல, கள்ளியும் பாறையும் கீழே நழுவி, பைன் மரங்கள் வந்துவிடுகின்றன. மேலே இறங்கியதும் அம்மையார் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் கிடந்த பனியைக் கொஞ்சம் அள்ளினார். பெரியவர் அதை விரலால் அழுத்திப் பார்த்து, “உருண்டை பிடிக்கும் பனி” என்று ஒரு குடியானவன் மண்ணின் ஈரம் சொல்கிற தோரணையில் சொன்னார். அது கரைந்து அவர் மணிக்கட்டில் வழிகிற வரையில் இருவரும் ஒன்றும் பேசவில்லை. எதை விட்டு ஓடி வந்தார்களோ, அதன் மேல் அவர்களுக்கு இருந்த பாசத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர்கள் தெருவில் நாற்பது வீடுகள். எல்லாரும் வயோதிகர்கள். சீட்டாட்டம், கூட்டு விருந்து, வியாழக்கிழமை மாலையில் கடைத்தெரு அடைத்து நடக்கும் சந்தை என்று பொழுது போகிறது. ஆயினும், ஒவ்வொரு நவம்பரிலும் ஏதாவது ஒரு வீட்டின் திரைச்சீலை திறக்கப்படாமலே இருக்கும். யாரும் விசாரிப்பதில்லையாம், சில நாளில் தானே தெரிந்துவிடும் என்றார் அம்மையார்.

வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் குடியேற்றச் சட்டமும் வரிச் சட்டமும் கேள்வி கேட்கும். அயல்நாட்டில் நோய் வந்தால் தாயகத்துச் சர்க்கார் கொடுக்கும் வைத்திய உதவி போதாது என்பதால் தனியாகக் காப்புறுதியும் எடுக்க வேண்டும், வயது ஏற ஏற அதன் தொகையும் ஏறும். ஆகவே ஏப்ரலில், வெயில் தன் கடுமையைக் காட்டத் தொடங்குமுன், இவர்கள் புறப்பட்டாக வேண்டும்.

வீட்டைப் பூட்டுவது எப்படி என்று கேட்டேன். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து கதவைத் திறந்தே வைப்பார்களாம். குழாய்த் தண்ணீரை வெளியே அடைத்துவிடுவார்களாம். கடைசியாக, அறைக்கு ஒரு வாளி நீர் நிரப்பி நடுவில் வைப்பாராம் அம்மையார். கோடை வறட்சியில் மேஜை நாற்காலிகளின் மரம் வெடித்துவிடாமல் இருக்க, காற்று அந்த நீரை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். “திரும்பி வரும்போது எல்லா வாளியும் காய்ந்திருக்கும். அதைப் பார்த்தால், நாங்கள் இல்லாதபோதும் இந்த வீடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது என்று தோன்றும்” என்றார் அவர். பிறகு சற்று யோசித்து, “வராமற் போனாலும், அடுத்து வருகிறவர்களுக்கு நாற்காலி நன்றாக இருக்குமல்லவா?” என்று சொல்லிவிட்டு, பம்ப்ளிமாஸ் மரத்துக்கு நீர் ஊற்ற எழுந்து போனார்.