உங்களுக்குத் தெரியுமா? இலவச டிவியும் பழைய கம்ப்யூட்டரும்

2006-இல் தமிழக அரசு தரத் தொடங்கிய 14 அங்குல இலவச கலர் டிவி, 1981-இல் பிரிட்டனில் பிறந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு ஏற்ற திரை. விஜிஏ மானிட்டரில் அதன் படம் வராது!

● காரணம் எளிது. நம் டிவி நொடிக்கு 15,625 கோடுகள் வரையும். பிபிசி மைக்ரோ அனுப்புவதும் அதே வேகத்தில்தான். விஜிஏ மானிட்டர் கேட்பதோ சுமார் 31,500. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பரணில் அந்தக் குண்டு டிவி இருந்தால், தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

● 1984-85-இல் ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இதே கம்ப்யூட்டர்தான்.

● அதன் பின்புறம் மூன்று வீடியோ வழிகள். ஆன்டெனா வழி, எந்தப் பழைய டிவிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது: அலைவரிசை யுஎச்எஃப் 36, டிவியில் அது வேண்டும். பிஎன்சி துளையிலிருந்து டிவியின் மஞ்சள் ஏவி துளைக்கு ஒயர் இழுக்கலாம். ஆனால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான் வரும். உள்பலகையில் ஓர் இணைப்பைப் பற்றவைத்தால் வண்ணம் கிடைக்கும். எழுத்து மிகத் தெளிவாகத் தெரிவது ஆறு முள் ஆர்ஜிபி வழியில், அதற்கேற்ற மானிட்டரில்.

● பழைய ஐபிஎம் பிசி வைத்திருப்போர் கவனிக்க: கலர் கார்டுக்கும் ஒற்றை நிற கார்டுக்கும் ஒரே ஒன்பது முள் பிளக். மாற்றிச் செருகினால் ஐபிஎம்மின் பச்சைத் திரை மானிட்டர் பழுதாகலாம்.