ஆன்லைன் கேமில் நீங்கள் வாங்கிய துப்பாக்கி யாருக்குச் சொந்தம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இரண்டு மாதம் கழித்து ஒரே மாதிரியான பேச்சுதான் கேட்கும். “படிப்புக்குன்னு வாங்கினோம், பையன் கேமே கதின்னு கிடக்கிறான். அதுக்குக் காசு வேற கேட்கிறான்” என்பார் அப்பா. “அது வெறும் கேம் இல்லப்பா, உங்களுக்குப் புரியாது” என்பான் பையன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தக் காசு எங்கே போகிறது, அதற்கு ஈடாக நம் கைக்கு என்ன வருகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கீக் என்பவர் யார்?

ஒரு கதை, தொடர், கேம் அல்லது மெஷின் மீது அளவு கடந்த ஆர்வம் கொண்டு, அதன் நுணுக்கங்களை விரல் நுனியில் வைத்திருப்பவரைக் ‘கீக்’ என்கிறார்கள். இப்படிப்பட்ட ரசிகர்கள் ஒன்று சேர்ந்தால் அது ‘ஃபேன்டம்’. இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியுடன் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அந்தப் பழைய இதழ்களைப் பொக்கிஷம் போலப் பாதுகாத்து, மறுபதிப்பு கேட்டு வாங்கிப் படிக்கும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நம் ஊரில் இருந்த ஃபேன்டம் இது.

டிவியில் ரீமேக்

ரசிகனுக்குப் பிடித்ததைக் கம்பெனி மாற்றும்போதுதான் சண்டை ஆரம்பிக்கிறது. 1978-ல் அமெரிக்காவில் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற விண்வெளித் தொடரை 2003-ல் மறுபடி எடுத்தார்கள். அதில் ஸ்டார்பக் என்ற ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றினார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனாலும் புதிய தொடர் தனக்கென்று ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டு 2009 வரை ஓடியது.

நம் நாட்டு உதாரணம் இன்னும் எளிது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988-ல் தூர்தர்ஷனில் தொடங்கியது. 2013-ல் ஸ்டார் பிளஸ் அதே கதையைப் புதிதாக எடுத்தது. அதன் தமிழ் டப்பிங்கை விஜய் டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987-ல் வந்தது. 2008-ல் என்டிடிவி இமேஜின் சேனலுக்காக அது புதிதாக எடுக்கப்பட்டது. ஆனால் 2020 மார்ச் மாத ஊரடங்கின்போது தூர்தர்ஷன் தூசு தட்டி எடுத்தது 1987-ம் ஆண்டுப் பழைய தொடரைத்தான். நாடே உட்கார்ந்து பார்த்தது. ரீமேக் வந்ததால் பழையது அழிந்துவிடவில்லை. டேப் பத்திரமாக இருந்தது, மறுபடி ஓடியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் கேமில் நிலைமை வேறு.

ரசிகர்கள் செய்த கேம்கள்

இன்றைய பெரிய கேம்கள் சில ரசிகர்களின் கையிலிருந்து பிறந்தவை. வந்த கேமை அப்படியே விளையாடாமல், அதன் ஃபைல்களில் மாற்றம் செய்து புதிய கேம் போல ஆக்குவதற்கு ‘மாட்’ என்று பெயர். நம் பிரவுசிங் சென்டர்களில் ஒரு காலத்தில் சத்தம் போட்ட கவுன்டர் ஸ்ட்ரைக், 1999-ல் ‘ஹாஃப் லைஃப்’ என்ற கேமுக்கு இரண்டு இளைஞர்கள் செய்த மாட்தான். அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தன் வெளியீடாக்கிக் கொண்டது. பப்ஜியும் அப்படித்தான். பிரெண்டன் கிரீன் என்பவர் ‘ஆர்மா’ கேமுக்குச் செய்த மாட்களில் வளர்த்த யோசனை, 2017-ல் தென்கொரிய நிறுவனத்தின் மூலம் தனி கேமாக வந்தது. ஜப்பானில் 2000-ல் வந்த ‘பேட்டில் ராயல்’ படம் அவருக்குத் தூண்டுதல்.

ஆன்லைன் கேம் எப்படி வேலை செய்கிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆவது கேமின் ஒரு பாதி மட்டுமே. படம், சத்தம், கட்டுப்பாடு எல்லாம் இங்கே இருக்கும். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார், யாரிடம் என்ன பொருள் இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் கம்பெனியின் சர்வரில் இருக்கும். நீங்கள் மவுஸை அழுத்தியதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர வேண்டும். அதற்கு ஆகும் நேரம்தான் ‘பிங்’. இதை மில்லி செகண்டில் சொல்வார்கள். ஒரு செகண்டில் 1000 மில்லி செகண்ட்.

எங்கள் மரக்காணத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை சுமார் 120 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போகும் ஐ2ஐ கேபிள் 2002-ல் போடப்பட்டது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, சிங்கப்பூர் சர்வருக்குப் போய்த் திரும்ப 33 மில்லி செகண்டாவது ஆகியே தீரும். வழியில் உள்ள ரூட்டர்கள், வீட்டு வைஃபை எல்லாம் சேர்ந்து இதைக் கூட்டும். எவ்வளவு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. எனவே கேமின் செட்டிங்ஸில் பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்வு செய்யுங்கள். முடிந்தால் வைஃபைக்குப் பதில் ஈதர்நெட் கேபிளை நேரடியாகச் செருகுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

காசு கொடுத்தது பொருளுக்கா, குத்தகைக்கா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கேமுக்குள் விற்கப்படும் உடை, துப்பாக்கியின் நிறம் போன்றவற்றை ‘ஸ்கின்’ என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்று நினைத்தால் தவறு. சர்வரில் உங்கள் கணக்குக்கு நேராக அது ஒரு வரி, அவ்வளவுதான்.

உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரை நினைத்துப் பாருங்கள். பாத்தி கட்டலாம், தண்ணீர் பாய்ச்சலாம், உப்பு வாரலாம். நிலம் அவருடையது அல்ல. ஆனால் வாரிக் கரையில் குவித்த உப்பு அவருடையது. அதை லாரியில் ஏற்றி விற்கலாம். ஆன்லைன் கேமில் நிலமும் குத்தகை, நீங்கள் வாரிய உப்பும் அந்த நிலத்திலேயே கிடக்கும். குத்தகை முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இது கற்பனை அல்ல. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் அதில் சிக்கியது. அக்டோபர் 30-ம் தேதியோடு இந்தியாவில் அதன் சர்வர் சேவை நின்றது. விளையாடிச் சேர்த்த லெவலும் ஸ்கின்னும் திறக்க முடியாத பெட்டிக்குள் போயின. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற இந்தியப் பதிப்பு வந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் பழைய கணக்கின் பொருட்களை மாற்றிக்கொள்ள வாய்ப்பு தந்தது. அந்த கேமும் 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது.

அரசு தடை செய்யாவிட்டாலும் கம்பெனியே மூடலாம். 2014-ல் வெளியான ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுத்தியது. தனியாக விளையாடவும் சர்வர் தேவை என்ற அமைப்பு அது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. கொதித்த ரசிகர்கள் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பிய யூனியனில் அவர்கள் கொடுத்த மனுவுக்கு 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. கேம்களை விற்கும் ஸ்டீம் தளமும் 2024 அக்டோபரிலிருந்து, நீங்கள் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று பணம் செலுத்தும் இடத்திலேயே தெரிவிக்கிறது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வாங்குவதற்கு முன், இன்டர்நெட் இல்லாமல் கேம் ஓடுமா என்று பாருங்கள். ஜிஓஜி தளத்தில் கிடைக்கும் கேம்களின் இன்ஸ்டாலர் ஃபைலை டவுன்லோட் செய்து, தனி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்து வைக்கலாம்.

2. ஸ்கின்னுக்குக் கொடுக்கும் பணம் சினிமா டிக்கெட் மாதிரி. பார்த்து ரசித்ததோடு சரி, திரும்பி வராது. மாதம் இவ்வளவுதான் என்று பிள்ளையுடன் பேசி முடிவு செய்யுங்கள்.

3. விண்டோஸில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி மூலம் நேரத்துக்கும் செலவுக்கும் வரம்பு வைக்கலாம். உங்கள் கிரெடிட் கார்டு எண்ணை கேமில் சேமித்து வைக்க வேண்டாம்.

4. “இலவச ஸ்கின் வேண்டுமா, இங்கே கிளிக் செய்யவும்” என்று வரும் லிங்க் பெரும்பாலும் பாஸ்வேர்டைத் திருடுவதற்கே. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.

5. பணம் கட்டி ஆடிப் பணம் ஜெயிக்கும் கேம் வேறு வகை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் அதைத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளை ஊக்குவிக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், ‘வெண்பா’வைச் சொல்வேன். டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து இட்லி முதலான பதார்த்தங்களைச் செய்ய வேண்டும். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. தனியாக விளையாடும் கேம் என்பதால் பிங் கவலை இல்லை, ஸ்கின் கடையும் இல்லை. ஒரே மாலையில் முடிந்துவிடும். அப்பாவும் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடலாம். அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், சமையல் புதிர் வரும் இடங்களில் அவர்தான் முதலில் விடை சொல்வார்.