கல்மரத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டு வாருங்கள்

ஆரோவில் செல்லும் பலர் மாத்ரிமந்திரைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகின்றனர். அதே வானூர் வட்டத்தில், திருவக்கரையில், தேசிய கல்மரப் பூங்கா இருக்கிறது. அடுத்த முறை அங்கும் சென்று வாருங்கள்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள், நீரில் கரைந்த சிலிகா மெல்ல ஊறியது. மரம் கல்லாக மாறினாலும் அதன் ரேகையும் கணுவும் அப்படியே தெரிகின்றன. 1781ல் சோனெரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பதிவு செய்தார். 1940ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பூங்காவை அமைத்தது.

இங்குள்ள மரங்கள் படுத்த நிலையில் உள்ளன. கிளை, இலை, வேர் எதுவும் இல்லை. எனவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கின்றனர் அறிஞர்கள். கிடந்த இடத்திலேயே கிடப்பதால்தான் இந்த உண்மை தெரிந்தது. ஞாபகார்த்தமாக ஒரு துண்டை எடுத்து வந்தால், அது நம் வீட்டு ஷோகேஸில் வெறும் கல்தான். சட்டப்படி அது குற்றமும் கூட.

கல்லுக்குப் பதில் படம் எடுத்து வாருங்கள். முதலில் மொபைல் கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் வசதியை இயக்குங்கள். அளவு தெரிய, மரத்தின் அருகே ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள்.

படங்களை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் தனி போல்டருக்கு மாற்றுங்கள். ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபைக் கிளிக் செய்திடுங்கள். எடுத்த தேதியும் இடமும் அங்கே கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல்கள் நீங்கிவிடும், டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். இடம் தெரியாத படமும், இடம் மாறிய கல்லைப் போலத்தான். ஆனால் வீட்டில் எடுக்கும் படங்களுக்கு லொகேஷனை நிறுத்திவிடுவது பாதுகாப்பு.

நல்ல படங்களை விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றினால், எந்த ஊர் மாணவரும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 2010 முதல் அக்டோபர் மாதத்தில் தேசிய புதைபடிவ நாள் கொண்டாடுகின்றனர். நம் கல்மரங்களைக் கொண்டாட, உங்கள் போல்டரில் உள்ள பத்துப் படங்களே போதும்.