குனிய இயலாதோரின் பாதப் பராமரிப்பு

ஹைதராபாத் நகரத்திலிருந்து தென்கிழக்குத் திசையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் நல்கொண்டா அமைந்துள்ளது. இம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில், நடுத்தர வயதைக் கடந்த ஆடவரும் பெண்டிரும் முதுகை வளைக்க இயலாமலும், முழங்காலை முற்றிலும் மடக்க மாட்டாமலும் கோலூன்றி நடப்பது நெடுங்காலமாகக் காணப்பட்ட காட்சியாகும். முதுமையின் விளைவு என்றும், ஊழ்வினை என்றும் கருதப்பட்ட இந்நிலைக்குக் குடிநீரில் கரைந்திருந்த புளோரைடு என்னும் உப்பே காரணம் என்பதை விஞ்ஞானிகள் பின்னர் விளக்கினர்.

இந்நோயின் காரணத்தைப் பற்றியும், நீரைத் தூய்மை செய்யும் முறைகளைப் பற்றியும் ஆராய்ச்சிகள் பல நடந்துள்ளன. ஆனால் நோயாளி நாள்தோறும் எதிர்கொள்ளும் எளிய இடர் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. தன் காலைத் தன் கையால் தொட முடியாமையே அது. கால் கழுவுதல், விரலிடுக்கைத் துடைத்தல், நகம் வெட்டுதல் ஆகிய சிறு செயல்கள் அவருக்கு அரிய செயல்களாகி விடுகின்றன. மூட்டுவாதம், இடுப்பெலும்பு முறிவு, கடும் முதுகுவலி ஆகியவற்றால் துன்புறுவோரின் நிலையும் இதுவே. ஆகவே இங்குக் கூறப்படும் முறைகள் அவர்கள் அனைவருக்கும் பொருந்துவனவாகும்.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

இந்தியாவில் புளோரோஸிஸ் நோய் பற்றிய முதல் விஞ்ஞான அறிக்கையை, சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களை ஆராய்ந்து, ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நல்கொண்டா மாவட்டத்து நோயாளிகளைப் பற்றிச் சித்திக்கி எழுதிய கட்டுரை 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. குன்னூரில் இயங்கி வந்த உணவு ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என இப்போது வழங்குகின்றது. இந்நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களான கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த ஊர்களில் இளம் வயதினருக்கு முழங்கால்கள் உட்புறமாக வளைந்து ஒன்றோடொன்று முட்டும் நிலை உண்டாவதை 1973-இல் எடுத்துக் காட்டினர்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையே புளோரைடு இருக்கலாம் என்பதும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர அளவாகும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீரிலுள்ள புளோரைடைப் படியச் செய்து பிரிக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுப்புறப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது. அம்முறைக்கு நல்கொண்டா முறை என்றே பெயர். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இக்குறை உண்டு. அதனைப் போக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நிறைவேற்றப்பட்டது. எனினும், நல்ல நீர் வந்த பிறகும், பல ஆண்டுகளாக எலும்பில் சேர்ந்த புளோரைடு விரைவில் நீங்குவதில்லை; இறுகிப்போன மூட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே, புதிய நோயாளிகள் தோன்றாதபடி தடுக்கும் பணியோடு, முன்பே நோயுற்றோரைப் பேணும் பணியும் நம்முன் நிற்கின்றது.

கைக்கும் காலுக்கும் இடையிலுள்ள தொலைவு

நாம் கால் விரலைத் தொடும்போது முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, முழங்கால் ஆகிய மூன்றும் ஒருங்கே மடங்குகின்றன. அவற்றுள் ஒன்று இறுகினால் மற்ற இரண்டும் அதிகமாக வளைந்து ஈடு செய்யும். புளோரோஸிஸ் நோயிலோ எலும்பு தடித்து, மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்புச் சத்து படிவதால் மூன்றுமே இறுகி விடுகின்றன.

நம் நாட்டு மக்கள் குந்தி அமர்ந்தே கால் கழுவுகின்றனர். குந்தி அமர்ந்தே நகம் வெட்டுகின்றனர். ஆகையால் குந்தும் ஆற்றலை இழந்தவர் அன்றே பாதத்தைப் பேணும் ஆற்றலையும் இழக்கின்றார். களப்பணியாளர் ஒரு வீட்டுக்குச் செல்லும்போது, "உங்களால் குந்தி உட்கார முடிகின்றதா? நகம் வெட்டுவது யார்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும், உதவி வேண்டுவோர் யார் என்பது தெரிந்துவிடும்.

நகம் வளரும் விதம்

நகம், கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகத்தின் அடிப்பகுதியில் தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியில் உண்டாகி முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், கால்விரல் நகம் அதில் பாதி அளவான 1.5 மில்லிமீட்டரும் வளர்கின்றன. வளர்ச்சி மெதுவாக இருப்பதால் குறை உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் ஆறு மாதம் வெட்டாமல் விட்டால் நகம் 9 மில்லிமீட்டர் நீண்டு விடும். அந்நீளத்தில் அது செருப்பின் விளிம்பிலும் பாயிலும் சிக்கிப் பிளக்கலாம். அடுத்த விரலைக் கீறலாம். அல்லது பக்கவாட்டில் வளைந்து சதைக்குள் புதையலாம். மேலும் பல காலம் கவனியாது விட்டால், பெருவிரல் நகம் தடித்து ஆட்டுக்கொம்பு போல் சுருளும் நிலையும் ஏற்படும்.

நகம் நீண்டு வலித்தால் நோயாளி நடப்பதைக் குறைக்கின்றார். நடை குறைந்தால் மூட்டு மேலும் இறுகுகின்றது. மூட்டு இறுகினால் காலை எட்டுவது இன்னும் கடினமாகின்றது. இச்சுழலை ஒரு நகவெட்டியால் இடையில் அறுத்துவிட முடியும் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

வலி குறைந்தால் நலமா?

வலி மிகுந்த ஒருவருடைய கால், சில ஆண்டுகள் கழித்து வலியே இல்லாமல் இருப்பதுண்டு. இதனை நல்ல குறியென்று எண்ணலாகாது. தடித்த முதுகெலும்பு தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் நெருக்குமானால் காலில் மரப்பும் தளர்ச்சியும் உண்டாகின்றன. நீரிழிவு நோயிலும் பாதத்து நரம்புகள் இவ்வாறே உணர்ச்சி இழக்கின்றன. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பெரிதும் காரணமாவது உணர்வற்ற காலில் அறியாமலே ஏற்படும் காயங்களே என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு நிலைநாட்டினார். வலி ஒரு காவலாளி; அக்காவலாளி நீங்கிய வீட்டில் கண்தான் காவல் செய்ய வேண்டும்.

உணர்ச்சியைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனிகளை ஆட்காட்டி விரலால் ஒன்று அல்லது இரண்டு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்ட ஆறு இடங்களுள் இரண்டையோ அதற்கு மேலோ அவர் உணராவிட்டால், அப்பாதத்தை ஆபத்துக்குரிய பாதமாகக் கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவருக்கு வீட்டார் நகம் வெட்டுவதற்கு முன் மருத்துவரின் யோசனையைப் பெறுதல் நலம்.

பிறர் உதவியுடன் நகம் வெட்டும் முறை

காலையில் எழுந்தவுடன் மூட்டுகள் மிகவும் இறுகியிருக்கும். ஆகையால் முற்பகலில், நோயாளி சற்று நடமாடிய பின் அல்லது நீராடிய பின் இவ்வேலையைத் தொடங்க வேண்டும். மருத்துவர் வலி மாத்திரை கொடுத்திருந்தால் அது வேலை செய்யும் நேரத்தைத் தேர்ந்து கொள்ளலாம்.

நோயாளி கட்டிலிலோ சாய்வு நாற்காலியிலோ இருக்க, உதவி செய்பவர் தாழ்ந்த முக்காலியில் எதிரே அமர வேண்டும். முழங்கால் எவ்வளவு மடங்குமோ அந்நிலையிலேயே அதன் கீழ் தலையணை வைத்துத் தாங்க வேண்டும். நோயாளியின் காலை நம் வசதிக்கேற்ப வளைக்கலாகாது. காலின் வசதிக்கேற்ப நாமே இடம் மாறி அமர வேண்டும்.

உணர்ச்சி நன்றாயிருக்கும் கால்களை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் நகம் மென்மையாகும். நீரின் சூட்டை உதவி செய்பவர் தம் முழங்கையால் அறிய வேண்டும். பின்னர் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கும் மரப்பு உள்ளவருக்கும் ஊற வைத்தல் வேண்டியதில்லை. கழுவித் துடைத்தால் போதும்.

நகத்தை நேர்கோட்டில், சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். ஓரங்களை உட்புறமாகக் குடைந்து வெட்டினால், மீண்டும் வளரும் முனை சதையைத் துளைக்கும். விரல் நுனிக்குச் சமமாக விட்டு, கூர்முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும். தடித்த நகத்தை ஒரே முறையில் குறைக்க முயலாமல், பல வாரங்களில் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைக்கலாம். நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும்.

நகவெட்டியைச் சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்துப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி நகவெட்டி இருப்பதே சிறப்பு. சவரத் தகடு, அரிவாள்மணை, கத்தி ஆகியவற்றால் நகத்தையோ காலாணியையோ செதுக்குதல் பெருந்தீங்கு விளைவிக்கும். காலாணிக்கென விற்கப்படும் அமில மருந்துப் பட்டைகளும் உணர்வற்ற காலுக்கு ஏற்றவையல்ல.

தாமே செய்துகொள்ளக் கூடியவை

உதவிக்கு ஆள் இல்லாதோரும் சில வேலைகளைத் தாமே செய்யலாம். மூங்கில் பட்டை ஒன்றின் நுனியில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டினால் நீண்ட பிடியுள்ள அரம் கிடைக்கும். வாரம் ஒருமுறை இதனால் நக நுனியைத் தேய்த்து வந்தால் வெட்டும் தேவை குறையும். மரப்பு உள்ளவர் மட்டும் இதனைத் தாமே செய்யலாகாது. தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, நாற்காலியில் அமர்ந்தபடி பாதத்தை அதன்மேல் சற்று உயர்த்தினால் உள்ளங்கால் தெரியும். துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் காலைத் தேய்த்தால் பாதம் உலரும். கோலின் நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி விரலிடுக்கைத் துடைக்கலாம். குதிகாலின் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் நல்லது. ஆனால் விரலிடுக்கில் எண்ணெய் தடவலாகாது; அவ்வீரத்தில் பூஞ்சைக் காளான் வளரும்.

செருப்பு விரல்களை நெருக்காதபடி முன்புறம் அகன்றும், குதிகாலைப் பிடிக்கும் வாருடனும் இருத்தல் வேண்டும். விரலால் இறுக்கிப் பிடித்து நடக்க வேண்டிய செருப்பு, நடை தளர்ந்தோர்க்கு ஏற்றதன்று.

உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய குறிகள்

நக ஓரத்தில் சிவப்பு, வீக்கம், சீழ் காணுதல், விரல் கறுத்தல் அல்லது நீலம் பாய்தல், பாதம் திடீரெனக் குளிர்ந்து போதல், ஆறாத புண், காய்ச்சலுடன் கூடிய கால் வீக்கம், புதிதாகத் தோன்றிய மரப்பு, கால் தளர்ச்சியுடன் சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவற்றுள் எது இருப்பினும் காலம் தாழ்த்தலாகாது. நீரிழிவு உள்ளவருக்கு இக்குறிகள் தோன்றினால் அன்றைய தினமே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கவனியாத நகப்புண் ஒன்று விரலையோ காலையோ நீக்க வேண்டிய நிலையில் கொண்டுபோய் விடக்கூடும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

இவ்வேலைக்குத் தடையாயிருப்பது பெரும்பாலும் அறியாமையன்று, கூச்சமே. மாமியார் தம் காலை மருமகளிடம் நீட்டத் தயங்குகின்றார். தந்தை மகளிடம் கேட்க நாணுகின்றார். முன்னாளில் சவரம் செய்ய வீட்டுக்கு வரும் நாவிதரே முதியோரின் நகத்தையும் வெட்டி விடுவார். அவ்வழக்கம் பல ஊர்களில் அருகிவிட்டது. பெண்டிருக்கு அவ்வசதியும் அரிதாகவே இருந்தது. ஆகவே களப்பணியாளர் வீட்டார் முன்னிலையில் ஒருமுறை தாமே அமர்ந்து நகம் வெட்டிக் காட்டினால், நூறு சொற்பொழிவுகளால் ஆகாதது அச்செயலால் ஆகும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளிலும் விளக்கு வைத்த பின்னும் நகம் வெட்டலாகாது என்று கருதும் வீடுகளில் அதை மறுத்து வாதிட வேண்டுவதில்லை. வேறொரு நாளின் முற்பகலை மாதந்தோறும் குறித்துக் கொடுத்தால் போதும். வெளிச்சம் நன்றாயிருக்கும் வேளை நமக்கும் ஏற்றதே.

ஆசிரியர்கள் சுகாதாரப் பாடத்தில் மாணவர்களின் கைந்நகங்களைப் பார்ப்பது வழக்கம். அதனோடு, "உங்கள் வீட்டுப் பாட்டியின் கால் நகத்தைக் கடைசியாக வெட்டியது யார்? எப்போது?" என்று கேட்கலாம். உயர்வகுப்பு மாணவர், பெரியோர் உடனிருக்க, கழுவித் துடைத்தல், புண் உள்ளதா எனப் பார்த்தல், அரத்தால் தேய்த்தல் ஆகியவற்றைக் கற்றுக் கொள்ள இயலும். பெரியோரின் பாதத்தைத் தொட்டு வணங்குதல் நம் மரபு. வணங்கிய கையே அப்பாதத்தைக் கழுவித் துடைத்து, நகத்தையும் சீர் செய்யுமானால், வலியால் வீட்டுக்குள் முடங்கிய ஒருவர் மறுபடியும் திண்ணை வரையிலாவது நடந்து வருவார்.