பனை தறிக்கும் கருவிகள்

இணுவிலிலே வீடு கட்டியோர் முன்னாளிற் கூரைக்கு நாடியது முதிர்ந்த பனையையே. பனையின் வலிமை மற்றை மரங்களிற்போல நடுவில் அன்று. புறவோரத்துக் கருநார்களிலேயே உளது. நடுவிலிருப்பது மென்மையான சோறு. ஆகவே தச்சர் கோடரியும் ஆப்பும் கொண்டு நாரின் போக்கிலே பிளந்து, சோற்றை நீக்கி, வாய்ச்சியாற் செதுக்கிச் சிலாகை எடுத்தனர்.

இன்று பெற்றோலில் இயங்கும் சங்கிலி வாள் வந்துவிட்டது. 1926இல் ஜேர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பார் செய்த மின்வாளைப் பிடிக்க இருவர் வேண்டியிருந்தது; இன்றையதை ஒருவரே தூக்குவார். நெடுநேர வேலை சில நிமிடங்களில் முடிகிறது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் கருநார் சங்கிலியின் பற்களை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய வாளை அழுத்திப் பிடிப்பவர் ஆபத்தை வலிய அழைக்கிறார். அலகு நுனியின் மேற்புறம் மரத்திற் பட்டாலோ, வாள் இமைப்பொழுதில் அவர் முகத்தை நோக்கி எகிறும்.

கைதேர்ந்த கோடரிக்காரர் மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய் வெட்டுவார். எதிர்ப்புறம் வெட்டுங்கால் இடையே சிறிது மரத்தை விட்டுவைப்பார். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு அஃது அப்படி. வாளின் வேகத்தில் அதனையும் அறுத்துவிட்டால், ஒடுங்கிய ஒழுங்கையிலே மரம் அயலார் கூரைமீது சாயவுங் கூடும்.