வானம் தோண்டும் முன் மண்ணைப் பாருங்கள்



போன ஐப்பசியில் குன்னூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீடு கட்டக் கடன் கேட்டு ஒரு அக்கா மனு கொடுத்திருந்தார். எல்லோரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடத் தயார். "இடத்தை ஒரு தடவை பார்த்துட்டு வரலாமா அக்கா?" என்று கேட்டேன். "இடத்துக்கு என்ன மேடம், பட்டா இருக்கே" என்றார். பட்டா சரியாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம் 12 அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். வெட்டின மண்ணை முன்பக்கச் சரிவில் கொட்டிச் சமமாக்கி, அதன்மேல் சமையல் அறை வருவதாக ஏற்பாடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

2009 நவம்பரை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கமெல்லாம் மண் இறங்கி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூலை 30 விடியற்காலை பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் போனதையும் டி.வி.யில் பார்த்தோம். அவ்வளவு பெரிய சரிவை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நாமே வெட்டி வைக்கிற சரிவு நம் கையில் இருக்கிறது.

மண் ஏன் இறங்குகிறது? நம் மலையில் மேலே செம்மண், அதற்குக் கீழே பாதி மக்கின பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மழைத் தண்ணீர் செம்மண்ணில் ஊறி இறங்கி, கெட்டியான இடத்தில் நின்றுவிடும். மேல் மண் கனத்துப்போகும், அடியில் வழுக்கும். சரிவின் அடியை நாம் வெட்டியிருந்தால் தாங்கிப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அதனால்தான் மழை விட்ட பிறகும்கூட சரிவு வருகிறது.

இடத்தை மழை மாதத்தில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா இடமும் நல்ல இடம்தான்! மரங்களின் அடித்தண்டு முழங்கால் மாதிரி வளைந்திருக்கிறதா, கரண்டு கம்பம் சாய்ந்திருக்கிறதா, மேட்டில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மழை விட்டு நாலைந்து நாள் ஆகியும் மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்தால் அங்கே ஊற்று இருக்கலாம். பழைய ஓடையை மூடின இடமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

சரிவை அளக்க 10 அடிக் கயிறும் கொத்தனாரின் டியூப் லெவலும் போதும். கயிற்றின் ஒரு நுனியை மேட்டில் தரையோடு வைத்து, மறுநுனியைப் பள்ளத்துப் பக்கம் மட்டமாகப் பிடியுங்கள். அந்த நுனியிலிருந்து தரைவரை எத்தனை அடி? 10 அடிக்கு 6 அடி இறங்கினால் சுமார் 30 டிகிரி. அதற்கு மேல் போனால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

மண்ணுக்கு நம் சமையல் கைப்பழக்கமே போதும். 3 அடி ஆழத்து மண்ணை எடுத்து ஈரப்படுத்தி முறுக்கு மாதிரி உருட்டுங்கள். உடையாமல் வளையமாக வளைந்தால் களி அதிகம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நனைந்தால் வலு இழக்கும். உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல் அதிகம், செங்குத்தாக வெட்டினால் நிற்காது. இது முதல் பார்வைக்குத்தான். நான் படித்தது சமூகப் பணி, இன்ஜினியரிங் இல்லை. சந்தேகம் வந்தால் ஒன்றிய அலுவலக இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கொட்டின மண்ணில் மட்டும் கடைக்கால் போடாதீர்கள். எவ்வளவு மிதித்தாலும் அது இறங்கும். முன்பக்கச் சுவர் முதலில் வெடிக்கும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் படிப்படியாக வெட்டுங்கள். மண் எத்தனை அடி உயரமோ அத்தனை அடியாவது தள்ளி வீடு இருக்கட்டும். தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டு, பின்னால் ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள். ஓட்டை இல்லாத சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அதையே தள்ளிவிடும். சில கொத்தனார்கள் "ஓட்டை அசிங்கமா இருக்கும்மா" என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்! கூரைத் தண்ணீரையும் சரிவில் விடாமல் குழாய் வைத்து வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். செப்டிக் டேங்க் சரிவின் விளிம்பில் வேண்டாம்.

அந்த அக்கா முதலில் கோபப்பட்டார். "பொக்லைனுக்கே 18 ஆயிரம் குடுத்தாச்சு, இப்ப வந்து சொல்றீங்களே" என்றார். நியாயம்தான், நாங்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். குழுவில் இரண்டு கூட்டம் பேசினோம். வீடு போனாலும் தவணை நிற்காது, ஜாமீன் நின்ற 11 பேர் தலையிலும் விழும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் சமையல் அறையை விட்டுவிட்டு, வெட்டாத பழைய மண் இருக்கும் பக்கமாகச் சின்ன வீடாகத் திருப்பிப் போட்டார். கடனில் ஒரு பகுதி தடுப்புச் சுவருக்குப் போனது.

இந்த மாதத்திலிருந்து வீட்டுக் கடன் மனு வந்தால், பிரதிநிதியும் இரண்டு உறுப்பினர்களும் இடத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை நோட்டில் எழுதின பிறகே தீர்மானம் போடுவது என்று கூட்டமைப்பில் முடிவாகியிருக்கிறது. போகும்போது கயிறு எடுத்துக்கொண்டு போங்கள்.