அதட்டுமுன் கற்பிப்போம்

விருந்தினர் வாசலில் வந்து நின்றதும் நம் இல்லங்களிலே வழக்கமாக எழும் குரல் ஒன்றுண்டு: "பிள்ளை, மாமாவுக்கு வணக்கம் சொல்லு!" குழந்தையோ தாயின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்துக் கொள்கிறது. "இதற்கு மரியாதையே தெரியாது" என்று தாய் நாணத்தோடு கூறுகிறாள், வந்தவர் சிரிக்கிறார். அவ்வேளையில் குழந்தை கற்றுக் கொண்டது யாது? பலர் முன்னிலையில் தான் குறைவுபட்டு நின்றதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதே தாய் மறுநாட் காலையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள், சட்டைக்குப் பொத்தான் பூட்டுகிறாள், சப்பாத்தையும் தானே மாட்டி விடுகிறாள். கற்பிக்காததை எதிர்பார்க்கிறோம், கற்பிக்கக் கூடியதை நாமே செய்து முடிக்கிறோம். நற்பழக்கம், தன்காலில் நிற்றல் ஆகிய இரண்டுமே நம் குழந்தைகளுக்கு அரிதாகிப் போவதற்கு இதுவே காரணம்.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் மரியா மொண்டிசோரி அம்மையார். மருத்துவராகிய அவர் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் திகதி ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடக்கினார். ஏறத்தாழ ஐம்பது தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்தனர். ஒரு நாள் அம்மையார் அவர்களுக்கு மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று பாடம் நடத்தினார். லேஞ்சியை எப்படிப் பிடிப்பது, பிறர் அறியாவண்ணம் ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று மெதுவாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கக் கூடுமென எண்ணினார். அவர்களோ அமைதியாய்க் கவனித்திருந்து, முடிவில் கைதட்டி ஆரவாரித்தனர்!

காரணத்தை அம்மையாரே பின்னர் விளக்கினார். மூக்கு அழுக்காக இருக்கிறதென்று அப்பிள்ளைகளை எல்லோரும் ஏசினார்கள். எப்படித் துடைப்பது என்று எவரும் பொறுமையோடு காட்டியதில்லை. தம் மானத்தைக் காத்துக் கொள்ள ஒருவர் வழி சொன்னபோது அந்தச் சின்னஞ்சிறு உள்ளங்கள் நன்றி பாராட்டின.

இவ்வம்மையார் நமக்கு அந்நியர் அல்லர். 1939ஆம் ஆண்டு தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் நாடு திரும்ப இயலாமற் போகவே, யுத்தம் முடியும் வரை இந்தப் பிராந்தியத்திலேயே தங்கிப் பணியாற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்றும் நம் நாட்டில் பாலர் பள்ளியை 'மொண்டிசோரி' என்றே அழைப்பவர் பலர். பெயர் நிலைத்து விட்டது. முறை நம் வீட்டுக்குள் வந்ததா என்பதே கேள்வி.

"அதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே!" எனச் சிலர் கூறலாம். மன்னார் மாவட்டத்து நறுவிலிக்குளம் போன்ற ஒரு வயற்கிராமத்தை எண்ணிப் பார்ப்போம். வேண்டிய கருவிகள் யாவும் அங்குள்ள வீடுகளிலே இருக்கின்றன. தண்ணீர் ஊற்றிப் பழகுவதற்குச் செம்பும் பேணியும் போதும். மழை குறைந்த அந்த மண்ணிலே ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றக் கற்பது நல்லொழுக்கமும் ஆகும். பொத்தான் பூட்டிப் பழக அப்பாவின் பழைய சட்டை ஒன்று போதும். பாய் சுருட்டலாம், முற்றம் கூட்டலாம், நெல்லையும் பயற்றையும் கலந்து வைத்துப் பிரித்தெடுக்கலாம். ஊருக்குப் பெயர் தந்த நறுவிலி மரத்தின் பழமோ நல்ல பசை. காகிதம் ஒட்டுவதற்குக் கடைக்குப் போக வேண்டுவதில்லை.

கற்பிக்கும் முறையில் மூன்று விதிகளை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, குறைவாகப் பேசி, மெதுவாகச் செய்து காட்டுதல். இரண்டாவது, பிள்ளை செய்யும்போது கையைப் பிடித்து இழுக்காதிருத்தல். பொத்தான் மாறிப் பூட்டினாலும் நாளை சரியாகும். மூன்றாவது, சிந்தினால் ஏசாமல், துடைக்கத் துணியைக் கையில் கொடுத்தல். சிந்தியதைத் தானே துடைக்கும் பிள்ளை இருமுறை கற்கிறது.

மரியாதையையும் இவ்வாறே பழக்கலாம். விருந்தினர் வரும்வரை காத்திராமல், ஓய்வான ஒரு மாலையில் தாயே விருந்தினராகட்டும். பிள்ளை கதவைத் திறந்து, "வாருங்கள், இருங்கள்" என்று கூறிக் கதிரையைக் காட்டட்டும். இரு கையாலும் தண்ணீர் கொடுக்கட்டும். அடுத்த முறை தாய் வீட்டுக்காரி, பிள்ளை விருந்தாளி. விளையாட்டாகப் பழகியது வேளை வரும்போது தானாகவே வரும். அன்றும் வாய் திறவாவிடின் வற்புறுத்த வேண்டாம். நாம் வணக்கம் சொல்வதை அது பார்த்துக் கொண்டுதான் இருக்கும். பிள்ளையிடம் "கொண்டா" என்று அதட்டுகிற வீட்டில், "தாருங்கள்" என்னும் சொல் எங்கிருந்து முளைக்கும்?

தன்காலில் நிற்கப் பழக்குதல் என்றால் தனியே விட்டுவிடுதல் என்று பொருளன்று. கிணற்றடியும் குளக்கரையும் அடுப்பங்கரையும் பெரியவர் கண்பார்வையில் இருந்தே ஆக வேண்டும். வீட்டிலுள்ள அம்மம்மாவும் அப்பம்மாவும் இம்முயற்சிக்கு உடன்பட வேண்டியதும் அவசியம். தாய் பழக்குவதைப் பாட்டி இரக்கத்தால் தடுத்தால் பிள்ளை தடுமாறும். ஊட்டுவது மட்டுமா அன்பு? பேரப்பிள்ளை தானே பிசைந்து உண்பதை அருகிருந்து பார்ப்பதும் அன்பேயாம்.

காலையில் நமக்கு அவசரம் மிகுதி என்பது மெய்யே. பிள்ளை பொத்தான் பூட்டி முடிக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். நாம் பூட்டினால் அரை நிமிடம். ஆயினும் அந்தப் பத்து நிமிடத்தை இன்று கொடுக்க மறுத்தால், பிள்ளை வளர்ந்த பின்னும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும். பெற்றோர்களே, நாளைக் காலை சற்று முன்னதாக எழுந்து, ஒரே ஒரு வேலையைப் பிள்ளையின் கையில் ஒப்படைத்துப் பாருங்கள்.